ஹாலண்ட் சுரங்கப்பாதை: ஹட்சன் ஆற்றின் அடியில் மூச்சுக்காற்று

[காட்சி: ஆற்றின் குறுக்குவெட்டு வரைபடம்]

வணக்கம். நியூயார்க்கின் மன்ஹாட்டனையும் நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியையும் ஹட்சன் ஆற்றின் அடியில் இணைக்கும் ஹாலண்ட் சுரங்கப்பாதையின் பணி 1920 அக்டோபரில் தொடங்கியது. ஆற்றடியில் ரயில் சுரங்கங்கள் அதற்கு முன்பே இருந்தன. ஆகவே தோண்டும் முறை பொறியாளர்களுக்குப் புதியதன்று. வண்டலில் உருளை வடிவ இரும்புக் கவசத்தை நீரியல் அழுத்தத்தால் முன்னோக்கித் தள்ளி, ஆற்றுநீர் உள்ளே புகாதபடி அழுத்தக் காற்றை நிரப்பி, பின்னால் வார்ப்பிரும்புத் துண்டுகளை வளையம் வளையமாகத் திருகாணியால் முடுக்கிக்கொண்டே தொழிலாளர்கள் முன்னேறினார்கள்.

உண்மையான சிக்கல் மோட்டார் வாகனங்களின் புகைதான். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு, மூடிய குழாய்க்குள் தேங்கினால் உயிரைப் பறிக்கும். இவ்வளவு நீளமான பாதையில் காற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஊதினால் உள்ளே புயலே வீசும். தீப்பற்றினால் அந்தக் காற்றே நெருப்பைப் பாதை நெடுகப் பரப்பிவிடும். எனவே சாலைக்கு அடியிலுள்ள அறையிலிருந்து தூய காற்று ஓரத் துளைகள் வழியே வருமாறும், கெட்ட காற்று கூரைக்கு மேலுள்ள அறைக்கு ஏறி வெளியேறுமாறும் அமைத்தார்கள். நான்கு கட்டடங்களில் 84 விசிறிகள் சேர்ந்து, ஏறத்தாழ 90 வினாடிகளுக்கு ஒருமுறை சுரங்கத்தின் காற்று முழுவதையும் மாற்றும் திறன் பெற்றிருந்தன. எவ்வளவு நச்சு வாயுவை மனித உடல் தாங்கும் என்பதைத் தன்னார்வலர்களைக் கொண்டு சோதித்தறிந்த பிறகே இந்த அளவுகளை முடிவுசெய்தார்கள் என்பதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

தலைமைப் பொறியாளர் கிளிஃபோர்ட் ஹாலண்ட், இரு கரைகளிலிருந்தும் தோண்டி வந்த பகுதிகள் சந்திப்பதற்குச் சற்று முன்பு, 1924 அக்டோபரில் காலமானார். அடுத்துப் பொறுப்பேற்ற மில்டன் ஃப்ரீமனும் சில மாதங்களில் மறைந்தார். ஓலே சிங்ஸ்டாட் பணியை நிறைவுசெய்ய, 1927 நவம்பர் 13 அன்று சாலை திறக்கப்பட்டது.

[காட்சி: கூரையிலுள்ள புகைப் போக்கிகள்]

1949 மே மாதத்தில், எளிதில் தீப்பற்றும் திரவமான கார்பன் டைசல்பைடு ஏற்றிவந்த லாரி உள்ளே தீப்பிடித்தது. கூரையும் சுவரும் கடுமையாகச் சிதைந்தன, பலர் காயமடைந்தனர். ஆயினும் ஓட்டுநர்கள் நடந்தே தப்பிவர முடிந்ததற்குப் புகையை மேல்நோக்கி இழுத்த அந்த அமைப்பு பெரிதும் துணைநின்றது.

பராமரிப்பில் மிகக் கடினமான எதிரி உப்புநீர். 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது கடல்நீர் புகுந்து சுரங்கத்தை மூழ்கடித்தது. நீரை இறைத்துச் சில நாட்களில் போக்குவரத்தைத் தொடங்கினார்கள். ஆனால் படிந்துபோன உப்பு கம்பிகளையும் மின் இணைப்புகளையும் கான்கிரீட்டையும் மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும் என்பதால், கழுவித் துடைப்பது மட்டும் போதாது. ஆகவே 2020 ஏப்ரல் முதல் நியூயார்க் நோக்கிச் செல்லும் குழாயையும், 2023 பிப்ரவரி முதல் நியூ ஜெர்சி நோக்கிச் செல்லும் குழாயையும் வாரத்தில் பல இரவுகள் மூடி, சேதமடைந்த மின், இயந்திர அமைப்புகளைப் பழுதுபார்க்கவும் மாற்றவும் செய்தார்கள்.