கலை ஆசிரியர் இல்லாத பள்ளியில் கலை வகுப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

திருச்சபைகளும் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்துகிற அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளைப் பற்றி இன்று பேசப்போகிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி வட்டாரங்களில் ஊருக்குள் நுழைந்தால் ஆலயமும் பள்ளிக்கூடமும் ஒரே சுற்றுச்சுவருக்குள் நிற்பதைப் பார்க்கலாம். பலவற்றில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள்தான். ஓவிய ஆசிரியரோ பாட்டு ஆசிரியரோ கிடையாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே, கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று 6 முதல் 8ஆம் வகுப்புக்குத்தான் சொல்கிறது. அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் படித்தால்தான். சிறுபான்மையினர் நடத்தும் இத்தகைய பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொருந்துகிற பள்ளிகளிலேயே தொடக்க வகுப்புகளுக்குக் கலை ஆசிரியர் இல்லை என்பதுதான் நிலை.

ஆகவே ஒன்றாம் வகுப்புக்கு எழுத்தும் எண்ணும் கற்றுத்தருகிற அதே ஆசிரியர்தான் களிமண்ணையும் வண்ணத்தையும் பாட்டையும் எடுத்துவர வேண்டும். அவரால் முடியும். அதற்கு அவர் ஓவியராகவோ பாடகராகவோ இருக்கத் தேவையில்லை. வாரத்தில் ஒருமுறை, எல்லாப் பிள்ளைகளுக்கும், மேடையோடும் போட்டியோடும் சம்பந்தமில்லாத 80 நிமிடம் வேண்டும். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றினால் போதும்.

80 நிமிடம் என்பது இரண்டு பாடவேளை. ஒரே பாடவேளையாக 40 நிமிடம் கொடுத்தால், பொருளை எடுத்துவைத்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். பிள்ளை பாதியில் எழுந்திருக்கும். எடுத்துவைக்க 10 நிமிடம், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல 5, வேலைக்கு 45, கழுவித் துடைக்க 15, ஒருவர் செய்ததை ஒருவர் பார்க்க 5. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மட்டும் இதை வைக்காதீர்கள். ஆசிரியர் கூட்டம், பதிவேடு முடிக்கும் வேலை, உள்ளூர் விடுமுறை என்று எது வந்தாலும் முதலில் பறிபோவது அதுதான். புதன் அல்லது வியாழன் மதிய உணவுக்குப் பிறகு வைத்தால் நிற்கும். அந்த நேரத்தில் கணக்கு போடச் சொன்னால் தூங்கி வழிகிற பிள்ளை, கையில் மண்ணைக் கொடுத்தால் விழித்துக்கொள்ளும்.

களிமண்ணிலிருந்தே தொடங்கலாம். செலவு குறைவு. எழுதத் தெரியாத பிள்ளையும் எழுதத் தெரிந்த பிள்ளையும் அதன் முன்னால் சமம். குயவரிடம் மிதித்துப் பக்குவப்படுத்திய மண்ணாகவே வாங்கிவிடுவது நல்லது. கிடைக்காவிட்டால் குளத்து மண்ணை இரண்டு நாள் ஊறவைத்துக் கரைத்து, சல்லடையில் வடித்து, கல்லும் வேரும் போனபிறகு துணியில் கட்டித் தண்ணீர் இறங்கவிட வேண்டும். பசை அதிகமான மண்ணாக இருந்தால் காயும்போது வெடிக்கும். பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேர்த்துப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, உருட்டினால் கையில் ஒட்டாமல் வரவேண்டும். ஒரு பிள்ளைக்குக் கால் கிலோ. 30 பிள்ளைகள் என்றால் 8 கிலோ இருக்கட்டும். மீந்ததை ஈரச்சாக்கில் சுற்றி, மூடியுள்ள வாளியில் வைத்தால் அடுத்த வாரத்துக்கும் ஆகும்.

முதல் வகுப்பிலேயே பெரும்பாலோர் யானை செய்வார்கள். மறுநாள் வந்து பார்த்தால் கால்கள் தனியாகக் கிடக்கும். சில பிள்ளைகள் அழுதுவிடும். காரணம் எளிது. உடம்பைப் பிடித்துவைத்துவிட்டு வெகுநேரம் கழித்துக் காலை உருட்டி ஒட்டுகிறார்கள். உடம்பு கொஞ்சம் காய்ந்திருக்கும், கால் ஈரமாக இருக்கும். காயக் காய இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்கி, ஒட்டிய இடம் விட்டுப்போகிறது. இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, உருண்டையிலிருந்தே காலையும் தும்பிக்கையையும் இழுத்துப் பிடிப்பது. இன்னொன்று, ஒட்டுகிற இரண்டு பக்கத்தையும் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, குழம்பாகக் கரைத்த களிமண்ணைத் தடவி, அழுத்தி, ஒட்டிய இடத்தை விரலால் வழித்துவிடுவது. காயவைப்பது நிழலில், மூன்று நான்கு நாள். வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் சீக்கிரம் காய்ந்து கீறல் விடும்.

கை கழுவ இரண்டு வாளி வேண்டும். முதல் வாளியில் மண் போகட்டும், இரண்டாவதில் சுத்தமாகட்டும். முதல் வாளித் தண்ணீரைக் குழாயடியில் கொட்டினால் வடிகால் அடைத்துக்கொள்ளும். ஓர் இரவு தெளியவைத்து, மேல்தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடியில் தங்கிய மண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்தவப் பள்ளியில் களிமண் வகுப்பு வைத்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். ஏதோ ஒரு பிள்ளை பிள்ளையார் பிடித்து வைக்கும். கையில் மண் கிடைத்தால் நம் ஊர்ப் பிள்ளைக்கு அதுதான் முதலில் தோன்றும். சில பள்ளிகளில் அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறார்கள், அல்லது வேறு ஏதாவது செய்யச் சொல்கிறார்கள். அது தவறு என்பதை அழுத்தமாகவே சொல்கிறேன். அந்தப் பிள்ளை அங்கே பிடித்துவைத்தது தன் வீட்டை. அதை ஒதுக்கினால், ‘உன் வீடு இங்கே வேண்டாம்’ என்றுதான் அதற்குக் கேட்கும். மற்றவர்களின் யானைக்கும் பேருந்துக்கும் பக்கத்திலேயே அதுவும் காயட்டும். பெற்றோர் யாராவது வந்து கேட்டால், வகுப்பில் எல்லாரும் அவரவருக்குப் பிடித்ததைச் செய்தார்கள் என்று தலைமையாசிரியர் சொன்னால் போதும்.

ஓவியத்துக்கு வருவோம். எந்தப் பள்ளியிலும் வெள்ளைத்தாளைக் கொடுத்து எதையாவது வரையச் சொன்னால், முக்கால்வாசிப் பேர் ஒரே படத்தைத்தான் வரைவார்கள். இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன், கீழே வளைந்து போகும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. மலையும் ஆறும் இல்லாத தேரிக்காட்டுச் செம்மணலில் வளர்கிற பிள்ளையும் இதையே வரையும். கரும்பலகையிலிருந்து கரும்பலகைக்கு வந்த படம் அது. அதை மாற்ற, கண்முன்னே ஒரு பொருளை வையுங்கள். பூவரச இலை, செருப்பு, தூக்குவாளி, எதுவானாலும் சரி. முதல் இரண்டு நிமிடம் பென்சிலைத் தொடாமல் பார்க்க மட்டும் செய்யட்டும். பிறகு பத்து நிமிடம் அழிரப்பர் இல்லாமல் வரையட்டும். அழிரப்பர் இருந்தால் பயந்த பிள்ளை வகுப்பு முடியும்வரை அழித்துக்கொண்டேதான் இருக்கும். பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் இதற்கு நல்ல தாள். ஆசிரியரின் பேனா அந்தப் படத்தின் மேல் படக்கூடாது. மதிப்பெண் வேண்டாம், ‘வெரி குட்’டும் வேண்டாம். ஒருவருக்கு ‘வெரி குட்’, இன்னொருவருக்கு ‘குட்’ என்று போட்ட அன்றைக்கே யாருக்கு ஓவியம் வரும், யாருக்கு வராது என்று வகுப்பு முடிவுகட்டிவிடும்.

காகித வேலைக்குப் பசை காய்ச்சுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், கட்டி தட்டாமல் கரைத்து, கிளறிக்கொண்டே கண்ணாடி போலத் தெளியும்வரை காய்ச்சினால் போதும். பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் போடுகிற வழக்கம் உண்டு. பள்ளிக்கு அது கூடவே கூடாது, அது நஞ்சு. சின்னப் பிள்ளைகள் விரலை வாயில் வைப்பார்கள். அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் காய்ச்சுங்கள்.

பாட்டில் கிறிஸ்தவப் பள்ளிகளுக்கு ஒரு வசதி உண்டு. தினமும் காலை வணக்கக் கூட்டத்தில் பாடுகிறார்கள். பக்கத்து ஆலயத்தில் கீபோர்டு இருக்கிறது. வாசிக்கத் தெரிந்த யாராவது ஊரில் இருப்பார். இருந்தும் பல பள்ளிகளில் காலைப் பாட்டு கத்தலாகவே முடிகிறது. பெரியவர் ஒருவர் தன் தொண்டைக்கு வசதியான இடத்தில் பாட்டைத் தொடங்குவார். அது பிள்ளைகளுக்கு மிகத் தாழ்வு. கீழ்ச்சுரங்கள் தொண்டையில் எட்டாதபோது, அவர்கள் பாடுவதை விட்டுவிட்டுப் பேசுகிற குரலில் உரக்கச் சொல்லத் தொடங்குவார்கள். பாட்டு முழுவதும் கீபோர்டின் நடு சி (மிடில் சி) சுரத்திலிருந்து அடுத்த மேல் சி-க்குள் அடங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்வாக இருந்தால் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு மூன்று முறை மேலே தட்டினால் சரியாகிவிடும். ‘சத்தமாகப் பாடு’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

சுருதி சேராத பிள்ளையிடம் ‘நீ வாயை மட்டும் அசை’ என்று சொல்வதைப்போல வலிக்கிற சொல் பள்ளியில் அதிகமில்லை. பெரியவர்கள் ஆனபிறகும் பாட்டு என்றாலே ஒதுங்குகிறவர்களைக் கேட்டுப்பாருங்கள், பலரிடம் இந்த ஒரு வாக்கியம் இருக்கும். ஏழு வயதில் சுருதி சேராதது குறையல்ல. தன் குரல் மேலும் கீழும் போகும் என்பதே அந்தப் பிள்ளைக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஊளையிட்டு மேலே போய்க் கீழே வரச் சொல்லுங்கள். பிறகு அந்தப் பிள்ளை பாடுகிற சுரத்துக்கு நீங்கள் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஒரு படி மேலே கூட்டிவாருங்கள். தினம் இரண்டு நிமிடம் போதும்.

என்ன பாடுவது என்பதிலும் கவனம் வேண்டும். இந்தப் பள்ளிகளில் இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் படிக்கிறார்கள், பல இடங்களில் அவர்களே பெரும்பான்மை. அரசியலமைப்பின் 28ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு தெளிவாக இருக்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் சமய போதனையிலோ வழிபாட்டிலோ சிறுவர் பங்கேற்க வேண்டுமானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சேர்க்கையின்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். மறைக்கல்வி (கிறிஸ்தவ சமயப் பாடம்) வகுப்பு நடக்கும்போது மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு என்பது பழைய ஏற்பாடு. அது பல இடங்களில் சும்மா உட்காரவைக்கும் நேரமாகிவிட்டது. அந்த நேரத்துக்கும் கதையோ பொம்மலாட்டமோ ஒழுங்காகத் திட்டமிடுங்கள். எல்லாரும் சேர்ந்து பாட எல்லாருக்கும் பொதுவான பாட்டு தமிழில் ஏராளம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, தாமே கிறிஸ்தவராக இருந்தும், எந்தச் சமயத்தாரும் பாடக்கூடிய கீர்த்தனைகளை 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். பல்லவியை மட்டும் எடுத்துக்கொண்டாலே சிறுவர்களுக்குப் போதும்.

இனி கிறிஸ்துமஸ் விழா, ஆண்டு விழா. டிசம்பரில் மூன்று வாரம் பாடத்தை நிறுத்திவிட்டு ஒத்திகை நடக்கும். மேடையில் நிற்பவர்கள் எப்போதும் போல அதே எட்டுப் பேர்தான். மீதிப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்க்கும். சம்மனசு (வானதூதர்) வேடத்துக்கு வாடகை உடை என்று வீட்டுக்குச் சீட்டுப் போகும், பணம் இல்லாத வீட்டுப் பிள்ளை அன்றைக்கு வயிற்றுவலி என்று லீவு போடும். இதைச் சரிசெய்யலாம். ஒத்திகை ஒரு நாளைக்கு 20 நிமிடம், இரண்டு வாரம், அவ்வளவுதான். உடைகளைப் பள்ளியிலேயே பழைய வேட்டி, துப்பட்டா, அட்டைப்பெட்டி கொண்டு பிள்ளைகளே செய்யட்டும். சம்மனசுக்கு வேட்டி, மேய்ப்பனுக்குத் தலைத்துண்டு, அவ்வளவுதானே வேண்டும்! சென்ற ஆண்டு பேசிய பிள்ளை இந்த ஆண்டு திரை இழுக்கட்டும். மேடைக்கு வரக் கூசுகிற பிள்ளைக்கு மழைச்சத்தம் எழுப்பும் வேலை கொடுங்கள். மூங்கில் குழாயில் கொஞ்சம் அரிசி போட்டு இரண்டு பக்கமும் அடைத்துச் சாய்த்தால் மழை பெய்யும்.

இத்தனைக்கும் முன்னால் வயிறு இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கு 2024 ஜூலையிலும், நகர்ப்புறத்தில் 2025 ஆகஸ்டிலும் வந்தது. சாப்பிட வராத பிள்ளை யார், வந்தும் சாப்பிடாத பிள்ளை யார் என்று பார்த்துவைக்கிற ஆசிரியருக்குக் கலை வகுப்பில் பாதி விஷயம் புரிந்துவிடும்.

மீதி, கை வேலை செய்யும்போது வாய் திறப்பதில் இருக்கிறது. மண் பிசையும் பிள்ளை, நம் முகத்தைப் பார்க்காமல், வீட்டுச் செய்தியைச் சொல்லும். கறுப்பு வண்ணம் எடுத்தால் துக்கம், சிவப்பு எடுத்தால் கோபம் என்றெல்லாம் படத்துக்குப் பொருள் சொல்ல முனையாதீர்கள். அந்த மேசையில் கறுப்பு க்ரேயான் மட்டும் மிச்சம் இருந்திருக்கலாம். ‘இந்தப் படத்தைப் பத்திச் சொல்றியாப்பா?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மாற்றத்தைக் கவனியுங்கள். விரும்பிச் செய்த பிள்ளை திடீரென்று தொட மறுப்பது, செய்ததைத் தானே நசுக்குவது, ஒரு பெரியவரின் பெயரைக் கேட்டதும் ஒடுங்குவது, இவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள்.

பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதன் சொற்களையே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். 1098 என்ற எண்ணிலும் உதவி கிடைக்கும். சமய நிறுவனங்களில், ‘சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்வோம், பள்ளி பெயர் கெட்டுவிடும்’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தெரிந்தும் சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலைசெய்பவர் மேல் வந்த புகாரை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை.

கடைசியாக, தாளாளரிடம் கேட்க வேண்டியவை. மூடியுள்ள வாளி மூன்று, நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி க்ரேயான், பருவத்துக்கு ஒருமுறை களிமண், சுவரோடு ஒரு மரப்பலகை. பலகை பிள்ளைகளின் கண் மட்டத்தில் இருக்கவேண்டும், ஆசிரியரின் தலைக்குமேல் வேண்டாம். அதில் இடம் போதாவிட்டால் பாதிப் பேர் படம் இந்த வாரம், பாதிப் பேர் படம் அடுத்த வாரம் என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். யார் படம் எப்போது ஒட்டியது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால் ஒருவரும் விட்டுப்போக மாட்டார்கள்.

நன்றி, வணக்கம்.