திமிங்கிலத்த கடல்ல தொறந்து விட்டா மட்டும் போதுமா?

(காட்சி: மணப்பாடு கடக்கரை, பின்னாடி குன்று மேல சிலுவைக் கோயில்)

வணக்கம் மக்களே. 2016 ஜனவரியில இந்தக் கரையில 80க்கும் மேல பைலட் திமிங்கிலம் ஒதுங்கிச்சே, ஞாபகம் இருக்குல்லா? நம்ம மீன்பிடிக்கிற அண்ணாச்சிமாரு வள்ளத்துல இழுத்துட்டுப் போயி ஆழத்துல விட்டாவ, விட்டதுல கொஞ்சம் திரும்பக் கரைக்கே வந்துட்டு. கூட்டத்த விட்டுப் பிரியாத சாதி அது. இத மனசுல வச்சுக்கிடுங்க.

நேத்து எங்க பெரியம்மா மவன் கேக்கான், "லேய், வெளிநாட்டுல தொட்டிக்குள்ள கெடக்க டால்பின், திமிங்கிலம் எல்லாத்தையும் பேசாம கடல்ல தொறந்து விட்ர வேண்டியதானல?"

கேக்க நல்லாத்தான் இருக்கு. கெய்க்கோன்னு ஒரு ஓர்கா, அதாவது கருப்பு வெள்ளையா இருக்க பெரிய டால்பின் சாதி, சினிமாவுலலாம் நடிச்சது. 1979ல குட்டியா இருக்கும்போதே பிடிச்சுட்டாவ. 1998ல ஐஸ்லாந்துல ஒரு வளைகுடாவுல வலை கட்டி வச்சுப் பழக்குனாவ, 2002ல தானா நீந்திப் போச்சு. போயி நின்ன எடம் நார்வே கரை, அங்கன பிள்ளையளு கூட வெளாட்டு! மத்த ஓர்கா கூட்டத்தோட முழுசா ஒட்டல, 2003 டிசம்பர்ல செத்துப்போச்சு.

அதான் இப்ப சரணாலயம்ங்காவ. நமக்கு சரணாலயம்னா கூந்தன்குளம், பறவை தானா வரும் தானா போகும். இது வேற. கடலோட ஒரு மூலைய வலை போட்டு அடைச்சு ஆயுசு பூரா வச்சுப் பாக்குதது.

(காட்சி: ஐஸ்லாந்து, கிளெட்ஸ்விக் வளைகுடா)

கெய்க்கோ இருந்த அதே வளைகுடாதான், சுமார் 8 ஏக்கர். 2019ல ஷாங்காய்லேருந்து ரெண்டு பெலுகாவ, அதான் வெள்ளைத் திமிங்கிலத்த, சேத்தே கொண்டாந்தாவ, ஒன்னத் தனியா கொண்டுவந்தா என்னாகும்னு மணப்பாட்டுக்காரவளுக்குச் சொல்லவா வேணும். 2020ல கடல்ல எறக்கி, பொறவு திரும்பக் கரையில கட்டடத்துக்குள்ள இருக்க தொட்டிக்கே கொண்டு போயிட்டாவ. "திட்டம் ஊத்திக்கிச்சு"ன்னு சிரிச்சவங்க உண்டு. என்னையக் கேட்டா அதான் சரி. குளிரோ அலையோ ஒத்துக்கலன்னா திரும்ப வர ஒரு எடம் இல்லாம கடல்ல எறக்குனா அது எப்படி சரணாலயம் ஆகும்?

சாப்பாடு? வேட்டையாடத் தெரியாதுல்லா, ஐஸ் மீன்தான். மீன ஐஸ்ல வச்சா பி1 வைட்டமின் கொறைஞ்சுரும், அதனால மீன் செவுளத் தூக்கி உள்ள மாத்திரைய சொருகிக் குடுப்பாவ. காய்ச்சல்கார புள்ளைக்கு வாழப்பழத்துல மாத்திரை வைப்போம்லா, அதே டெக்னிக்தான்.

அது நல்லா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்க? கோயில் யானை சங்கிலியில நின்னுக்கிட்டு அந்தால இந்தால ஆடும்லா, நாம டான்ஸுன்னு போட்டோ எடுப்போம். அது டான்ஸ் இல்ல மக்களே, ஒரே எடத்துல நின்னு நின்னு வர்ற பழக்கம். டால்பினும் அப்படித்தான், சும்மா ஒரே வட்டம் சுத்தும், இல்லன்னா அசையாம மேல மெதக்கும், கம்பியக் கடிச்சுப் பல்லு போயிரும். வளைகுடா எத்தன ஏக்கர்ங்கதவிட, வந்த பொறவு இதெல்லாம் கொறையுதா, ஒளிய நெனச்சா ஒளிய எடம் இருக்கா, வேண்டாம்னா விலகிப் போக முடியுதா, இததான் பாக்கணும்.

சரணாலயம்னா ஷோ கிடையாது, தொட்டு செல்ஃபி கிடையாது. குட்டி போடவும் விடக்கூடாது, அந்தக் குட்டியும் காலம் பூரா வலைக்குள்ளதான கெடக்கணும். இந்தியாவுல 2013லயே மத்திய அரசு டால்பின் ஷோ நடத்த அனுமதி குடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டு.

இத பூராம் பெரியம்மா மவன்ட்ட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப கிட்டப் போயி ஒரு மீனு கூட போட முடியாதோ?"ங்கான்.