போத்தலில் போன தண்ணீர்

(வெள்ளவத்தையில் ஒரு ஞாயிறு மாலை பேசியது. நேரம் போதாமல் விட்ட சில விவரங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு பெரியது. சுற்றாடல், சுகாதாரம், விவசாயம், மின்சக்தி என்று நான்கு துறைகளிலும் நடக்கும் விஞ்ஞான ஆய்வைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுப் போகலாம். ஆனால் முப்பது வருடம் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்த எனக்கு ஒரு விஷயம் நெடுநாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. நம் மண்ணையும் நீரையும் இரத்தத்தையும் ஆய்வுக்கென்று எடுத்துப் போகிறார்கள். முடிவு, கொடுத்தவரின் வீட்டுக்குத் திரும்பி வருவதில்லை. இன்று அதைத்தான் பேசப் போகிறேன்.

காலையில் நீங்கள் குழாயைத் திறந்து பிடித்த தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். கொழும்பில் நாம் குடிப்பதில் பெரும்பங்கு அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தது. அந்த நீர் பிறப்பது சிவனொளிபாதமலைச் சரிவுகளில். அங்கே தேயிலைத் தோட்டம். பெரிய மழை பெய்தால் பசளையும் களைநாசினியும் ஓடையோடு இறங்கும். பிறகு காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள். அங்கிருந்து குழாய் வழியே விழுந்து மின்நிலையங்களின் சுழலிகளைச் சுற்றிவிட்டு, சமவெளிக்கு வந்து, பியகமப் பக்கத் தொழிற்சாலைகளைக் கடந்து அம்பத்தலைக்கு வருகிறது. வழியில் வருடக் கணக்காக மணல் அள்ளி அள்ளி ஆற்றின் அடி தாழ்ந்துவிட்டது. அதனால் கடும் வரட்சியில் கடல் உப்பு ஆற்றுக்குள் ஏறி வருகிறது. அதைத் தடுக்க அம்பத்தலையில் அணை போட வேண்டியிருந்தது. மேலே எவ்வளவு நீரை விடுகிறார்கள் என்பதும் கீழே எவ்வளவு உப்பு ஏறுகிறது என்பதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நம் பெண்ணும், மின்நிலையப் பொறியியலாளரும், மணல் லொறிக்காரரும், நீங்களும் ஒரே ஆற்றில்தான் இருக்கிறீர்கள். அமைச்சுகள் மட்டும் வேறு வேறு கட்டடத்தில்.

இந்த ஆற்றின் தலைப்பகுதியில் மின்சாரம் எடுக்கலாம் என்பதை டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் ஒரு கட்டுரையாக எழுதி, பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்தார். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். கணக்குச் சரியாக இருந்தும் 32 வருடம் காத்திருந்தது.

இதே ஆற்றில் இன்னொரு கதையும் உண்டு. 1934இல் மழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் நுளம்புக்கு அந்தத் தெளிந்த குட்டைகள்தான் வேண்டியிருந்தன. வழமையாக மலேரியா தலைகாட்டாத ஈரவலய ஊர்களுக்குள்ளேயே அது புகுந்தது. 1935 முடிவதற்குள் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். அப்புறம் வருடக் கணக்கான வேலை. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர்கள்தான் என்று கணக்கு வந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்கள். மருந்தடிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது.

அந்த அடிக்குப் பிறகும் விடவில்லை. காய்ச்சல் என்று வந்தவரின் விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் பூசி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். கிருமி இருந்தால் அந்த ஆளைத் தேடிப் போய் மருந்து கொடுப்பார்கள். அவர் வீட்டைச் சுற்றியிருப்பவர்களின் இரத்தத்தையும் பார்ப்பார்கள். போர் நடந்த வருடங்களிலும் வன்னியில், கிழக்கில் இது முற்றாக நின்றுவிடவில்லை. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி பதிவானது 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. நான் இதைச் சொல்லும்போதெல்லாம் பெருமையாக இருக்கும். எடுத்த இரத்தத்தின் முடிவு, இரத்தம் கொடுத்த ஆளிடமே, மருந்தோடு, திரும்பிப் போனது. அதனால்தான் வென்றோம் என்று நான் நம்புகிறேன்.

சரி, திரும்பிப் போகாத கதைக்கு வருகிறேன்.

என் பெரியம்மா யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம் இருந்தா. செம்மண் காணி, வீட்டுக் கிணறு, பக்கத்தில் வெங்காயத் தறை. ஒரு நாள் ஒரு வான் வண்டியில் நாலைந்து பேர் வந்து, கிணற்று நீரை ஆராய்கிறோம் என்றார்கள். எந்த இடத்திலிருந்து வந்தவர்கள் என்பது இங்கே வேண்டாம். வாளியில் அள்ளி இரண்டு போத்தலில் நிரப்பி, லேபிளில் இலக்கம் எழுதி ஒட்டினார்கள். பெரியம்மாவின் பெயர், குடும்பத்தில் எத்தனை பேர், சலரோகம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டு எழுதினார்கள். பெரியம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா, அதே கிணற்றுத் தண்ணீரில். பத்து நாளில் சொல்கிறோம் என்று போனார்கள்.

நான் கொழும்பிலிருந்து போகும்போதெல்லாம் கேட்பா: "தம்பி, அந்தத் தண்ணியைப் பற்றி என்ன சொன்னவையாம்?" படித்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பதாகவும் எனக்குத் தெரிந்திருக்கும் என்றும் அவவுக்கு ஒரு எண்ணம். மூன்று வருடம் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

யாழ்ப்பாணத்துக் கிணறு சாதாரணக் கிணறில்லை. அங்கே வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. கீழே இருப்பது சுண்ணக்கல். மழை நீர் அதன் வெடிப்புகளாலும் பொந்துகளாலும் இறங்கி, கடல் நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் உப்பு நீரைவிட இலேசானது என்பதால் இந்த மிதப்பு. இதில் ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். மறுபக்கமாகப் பாருங்கள்: மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும்.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் கால் சோர்ந்துவிடும். கிணறு ஊறுவதற்கு நேரம் கிடைத்தது. பிறகு மண்ணெண்ணெய் மெசின் வந்தது, அதன் பின் மின்சார மோட்டர். மோட்டருக்குக் களைப்பு இல்லை. நிறைய இறைத்தால் நிறைய நடலாம், நிறைய நட்டால் நிறைய யூரியா போடலாம். வெங்காயத்துக்கு அடிக்கடி தண்ணீர் கட்டுவார்கள். செடி எடுத்தது போக மீதி யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறி, அந்தத் தண்ணீரோடு கீழே இறங்கி, பொந்துக் கல்லால் திரும்பக் கிணற்றுக்கே வருகிறது. மலசலகூடக் குழியும் கிணற்றுக்குக் கிட்ட இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. போத்தல் பால் குடிக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இது முக்கியம். நைத்திரேற்று உடலுக்குள் நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும். குழந்தை நீலம் பாரிக்கும். நம் வீடுகளில் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரி என்று நினைக்கிறோம். கிருமி சாகும், உண்மை. நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகப் போகப் போக மிஞ்சும் நீரில் அதன் செறிவு கூடும். கவனமான தாய்தான் அதிகம் கொதிக்க வைப்பாள் என்பதை நினைத்தால் எனக்கு மனம் பதறும்.

கடைசியில் நானே ஒரு போத்தலில் பெரியம்மா வீட்டுத் தண்ணீரைக் கொண்டு வந்து, இங்கே தெரிந்த ஒருவர் மூலம் சோதித்தேன். நைத்திரேற்று எல்லைக்கு மேலே இருந்தது. முடிவை ஆங்கிலத்தில் அச்சடித்துத் தந்தார்கள். நான் ஒரு கோடு போட்ட கொப்பித் தாளில் தமிழில் எழுதினேன்: இந்தத் தண்ணி குளிக்கலாம், துவைக்கலாம். பெரியவர்கள் குடிப்பதையும் குறைத்தால் நல்லது. பேத்திக்குப் பால் கரைக்க வேண்டாம். கொதிக்க வைத்தாலும் வேண்டாம். பெரியம்மா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தா. பிறகு காணி உறுதி வைத்திருந்த பிஸ்கட் ரின்னைத் திறந்து, உறுதிக்கு மேலே அந்தத் தாளை வைத்தா. அடுத்த வாரம் பக்கத்து வளவு இரண்டு வீட்டாரும் தங்கள் தண்ணீரையும் சோதிக்க முடியுமா என்று கேட்டனுப்பினார்கள்.

அந்தத் தாளுக்கு நான் செலவழித்தது பத்து நிமிடம்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்று சனம் சொன்னது. ஒரு குழு எண்ணெய் இருக்கிறது என்றது, இன்னொரு குழு ஆபத்தில்லை என்றது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் அங்குள்ள மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கத் தீர்ப்பு வந்தது. இடைப்பட்ட வருடங்களில், இன்றைக்கு இந்தக் கிணற்றில் குடிக்கலாமா என்ற கேள்விக்கு ஒரு தாயிடம் என்ன பதில் இருந்திருக்கும்?

வடமத்திய மாகாணத்திலும் இதுதான். 1990களிலிருந்து கமக்காரர்களின் சிறுநீரகம் காரணம் தெளிவாகாமல் பழுதாகிறது. கடின நீர், புளோரைட்டு, விவசாய இரசாயனம், வெயிலில் நீரிழப்பு என்று பல காரணங்கள் ஆராயப்பட்டன. ஒன்றுதான் என்று எல்லோரும் ஒப்பும் முடிவு இன்னும் வரவில்லை. ஆய்வில் அது இயல்பு, அதற்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2015இல் கிளைபோசேட்டு என்ற களைநாசினியைத் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியையே ஒரே அடியாக நிறுத்தி, நவம்பரில் திரும்ப அனுமதித்தார்கள். அதற்குள் வயலில் பயிர் மஞ்சளித்துவிட்டது. கோப்பாயில் அளக்காமல் அள்ளிப் போட்டதும், கொழும்பில் அளக்காமல் நிறுத்தியதும் எனக்கு ஒரே பிழையாகத்தான் தெரிகிறது. நெல்லுக்கு இலை நிற அட்டை என்று ஒரு சின்னப் பிளாஸ்ரிக் துண்டு இருக்கிறது. இலையை அதன் பச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்து, இன்றைக்கு யூரியா வேண்டுமா வேண்டாமா என்று கமக்காரரே தீர்மானிக்கலாம். முடிவு வயல் வரம்பிலேயே, அவர் கையிலேயே கிடைக்கிறது. பசளை குறைய வேண்டுமென்றால் இப்படியான வழியில் குறைத்திருக்கலாம்.

தமிழில் சொன்னால் விஞ்ஞானம் குறைந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 1847இல் இலங்கை வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்தார். பின்னாளில் தமிழிலேயே படிப்பித்தார். அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கினார். உடற்கூறு, அறுவைச் சிகிச்சை எல்லாம் தமிழ்ப் புத்தகங்களாயின. இரசாயனவியலுக்கு 1875இல் நூல் வந்தது. அன்று அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோத்து முடிந்தது, இன்று கைப்பேசியில் இரண்டு பந்தி தமிழில் அனுப்ப முடியாதா?

2024 டிசம்பரில் வடக்கில் காய்ச்சலில் அடுத்தடுத்துச் சிலர் இறந்தபோது, எலிக்காய்ச்சல் என்ற ஐயம் நாட்களுக்குள்ளேயே தமிழில் சனத்துக்குச் சொல்லப்பட்டது. வயலில் இறங்குபவர்களுக்கு மருந்து கொடுக்கவும் ஏற்பாடு நடந்தது. ஆகவே முடியும். செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

இங்கே பல்கலைக்கழக மாணவர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். மாதிரி எடுக்கும்போது சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறீர்கள் அல்லவா? அதில் ஒரு வரி சேருங்கள்: முடிவை இன்ன திகதிக்குள் இன்ன மொழியில் தருவோம். கீழே உங்கள் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்கட்டும். இறுதி முடிவு வர வருடமாகும் என்றால், அந்தக் கிணற்றின் ஓர் எண்ணை மட்டும் முதலில் கொடுங்கள். மற்றவர்களிடம் நான் கேட்பது, வீட்டுக்கு யாரும் மாதிரி எடுக்க வந்தால் தேத்தண்ணி கொடுங்கள், ஆனால் திகதியையும் கேட்டு வாங்குங்கள்.

பேசி முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து கேட்டா: "மகன் ஊர் வீட்டுக்கு ஆர்.ஓ. பில்டர் பூட்டித் தந்திருக்கிறான். அதில் நைத்திரேற்று போகுமா?"

குறையும் என்றேன். கொதிக்க வைப்பதிலோ சாதாரண மெழுகுதிரி வடிவப் பீங்கான் பில்டரிலோ குறையாது, நீரை நுண்ணிய சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ.வில் பெருமளவு குறையும். ஆனால் மின்சாரம் வேண்டும், சவ்வை நேரத்துக்கு மாற்ற வேண்டும். இன்னொன்று, அது சுத்தமாகத் தரும் நீரைவிடக் கழித்து வெளியே விடும் நீர் பெரும்பாலும் கூட. நைத்திரேற்றெல்லாம் அந்தக் கழிவு நீரில் சேர்ந்திருக்கும். அதை எங்கே விடுகிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிணத்தடி வாழைக்கு" என்றா.

கிணற்றுக்குத் தள்ளி நிற்கும் மரங்களுக்கு விடச் சொன்னேன். வாழைக்கு நைத்திரேற்று நல்ல பசளைதான், வேறாகப் போடும் யூரியாவை அந்த அளவுக்குக் குறைக்கலாம் என்றும் சொன்னேன். கூட்டம் கலையும்போது அவ மகனுக்குத் தொலைபேசி எடுத்து, குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தா.