புகைக்கு கணக்கு கேட்ட சட்டம்

வணக்கம் நேயர்களே. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டுலயோ தோட்டத்துலயோ வண்டி ஓட்டிக்கிட்டோ ரேடியோ கேட்டுட்டு இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். நான் பேக்டரி பேக்டரியா போயி பாய்லர், வெறகு, கரண்ட் பில்லு இதெல்லாம் ஆடிட் பண்ற ஆளுங்க. பூமிய சூடாக்குற வாயுவ கொறைக்க ஒரு மாநிலம் தனியா சட்டம் போட முடியுமா, போட்டா நடக்குமா, அதப் பத்தி பேசச் சொன்னாங்க. நான் வக்கீல் கிடையாது, எனக்கு தெரிஞ்சது கணக்கு, அதனால கணக்குப் பக்கமா நின்னுதான் பேசுவேன்.

அமெரிக்காவுல கலிபோர்னியா மாநிலத்துல 2006ல ஒரு சட்டம் வந்துச்சு, ஏபி 32ன்னு பேரு. கையெழுத்து போட்டது யாருன்னா சினிமாவுல தோள காட்டிட்டு வருவாரே, அந்த அர்னால்டுதான். அப்ப அவரு அங்க கவர்னர். அங்க கவர்னர்னா ஓட்டு வாங்கி ஜெயிச்சு ஆட்சி நடத்துறவரு, நம்மூர் முதலமைச்சர் மாதிரி. சரி, சட்டம் என்ன சொல்லுச்சுன்னா, 1990ல நம்ம மாநிலம் எவ்வளவு புகை, அதாவது பூமிய சூடாக்குற வாயு, விட்டுச்சோ, 2020க்குள்ள அந்த அளவுக்கு திரும்பி வரணும். கேக்க சுலபமா இருக்கு, ஆனா 1990ல எவ்வளவு விட்டோம்னு எவருக்கு தெரியும்? அதக் கண்டுபிடிக்கிறதுதான் மொத வேலையா ஆச்சு. காற்று வள வாரியம்னு அங்க ஒரு ஆபீஸ், அவங்க உக்காந்து கணக்கு போட்டு 42.7 கோடி டன்னுன்னாங்க, அப்புறம் போடுற முறை மாறுனதும் 43.1 கோடின்னு திருத்துனாங்க. பெரிய பேக்டரி, பவர் பிளான்ட், எண்ணெய் சுத்திகரிக்கிற ஆலை எல்லாம் வருசா வருசம் ரிப்போர்ட் குடுக்கணும், அத வெளியாளு வந்து சரிபாக்கணும். மொதல்ல எண்ணு, அப்புறம் கொறை. இதத்தாங்க நான் போற எடமெல்லாம் கத்திக்கிட்டு இருக்கேன்.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் பேக்டரி, எதுன்னு வேணாம். பெங்களூரா மாங்கா சீசன், லாரிங்க கேட் வரைக்கும் வரிசையா நிக்குது, உள்ள பாய்லர் ராத்திரி பகலா எரியுது. ஓனர்கிட்ட "ஒரு டன் கூழுக்கு எவ்வளவு வெறகுங்க ஆவுது?"ன்னேன். "லோடு வருது சார், எரியுது, சீசன் முடிஞ்சா பில்லு பாப்போம்"ன்னாரு. பாய்லர் ரூமுக்குப் போனா அங்க பயர்மேன், வயசானவரு, செவுத்துல கரித்துண்டால கோடு கோடா இழுத்து வெச்சிருக்காரு, நாலு கோடு, அஞ்சாவது குறுக்கால, ஒவ்வொரு கோடும் ஒரு லோடு வெறகு. மொத்த பேக்டரிலயும் உருப்படியான ரெக்கார்டு அது ஒண்ணுதான்! போன வருசத்து கோடு எங்கண்ணேன்னு கேட்டா, "ஆயுத பூசைக்கு வெள்ளையடிச்சுட்டாங்க சார்"ங்குறாரு. நான் என்னத்த சொல்ல.

அங்கயே இன்னொண்ணு. கூழ் காய்ச்சிட்டு திரும்புற ஆவித் தண்ணி கொதிக்கக் கொதிக்க சாக்கடைக்கு போகுது, இந்தப் பக்கம் பாய்லருக்கு போர் தண்ணிய பச்சையா ஊத்துறாங்க. பாய்லருக்கு போற தண்ணி 6 டிகிரி சூடு ஏறுனா எரிபொருள்ல 1 சதவீதம் மிச்சம், இது எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. 30 டிகிரி தண்ணி 60 ஆச்சுன்னா 5 சதவீதம் வெறகு கையில நிக்கும். ஒரு பைப்பு, ஒரு பம்பு, அவ்வளவுதான் செலவு. ஆனா எவ்வளவு எரியுதுன்னே தெரியாதவருக்கு 5 சதவீதம்னா என்னத்த புரியும்? வெறகுப் புகைய கலிபோர்னியா சட்டம் தனியா எழுதி வெக்கும், அது வேற விசயம், ஆனா எண்ணணும்ங்குறது எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

வெறகு மட்டுமில்ல, டீசலயும் எண்ணணும். ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோ கூட வராது, ஆனா எரிச்சா ரெண்டரை கிலோவுக்கு மேல கரியமில வாயு. எப்படின்னு ஸ்கூல் பசங்களே கேப்பாங்க. காத்துல இருக்குற ஆக்சிஜன் கூட சேந்துக்குதுல்ல, அந்த எடைதான்.

சரி, கலிபோர்னியாவுக்கு வருவோம். 2010ல அந்த சட்டத்த நிறுத்தி வெக்கணும்னு வெளி மாநில எண்ணெய் கம்பெனிங்க பணத்தக் கொட்டி ஓட்டுக்கு விட்டாங்க, வேலை போயிடும்னு பிரச்சாரம். ஜனங்க முடியாதுன்னுட்டாங்க. 2013ல இருந்து மொத்தப் புகைக்கு ஒரு உச்சவரம்பு, விடுற ஒவ்வொரு டன்னுக்கும் பர்மிட் இருக்கணும், கையில இருக்குறதுக்கு மேல விடுறவங்க காசு குடுத்து வாங்கணும்னு ஆச்சு. 2020க்கு வெச்ச இலக்க 2016லயே தொட்டுட்டாங்க. ஆனா எங்க கொறஞ்சுதுன்னு பாக்கணும், கரண்ட்டு தயாரிக்கிறதுலதான் நல்லா கொறஞ்சுது, கார் லாரி பக்கம் அந்த வருசம் ஏறித்தான் இருந்துச்சு. பிரிச்சு எண்ணுனதாலதான் இதுவே வெளிய தெரிஞ்சுது, இல்லன்னா மொத்தத்தக் காட்டி மால போட்டுட்டு போயிருப்பாங்க.

இன்னொரு சூதுக்கும் வழிய அடைச்சாங்க. ஓசூர்காரங்களுக்கு சொல்லவே வேணாம், டீசல் எந்தப் பக்கம் கொறச்சலோ கர்நாடகா பக்கம் அத்திப்பள்ளி தாண்டியாவது போயி ஊத்திட்டு வந்துருவோம். அதே மாதிரி பக்கத்து மாநிலத்துல நிலக்கரி எரிச்சு கரண்ட்ட மட்டும் கம்பியில வாங்கிக்கிட்டா நம்ம கணக்கு சுத்தமாயிடுமே? அதனால வெளிய இருந்து வாங்குற கரண்ட்டோட புகையையும் அவங்க கணக்குலயே சேத்தாங்க. இது ரொம்ப கெட்டிக்காரத்தனமான வேலைன்னு எனக்குப் படுது.

நம்ம தமிழ்நாட்டுல காலநிலை மாற்ற இயக்கம் 2022ல ஆரம்பிச்சாச்சு, அதுக்குன்னு அரசு கம்பெனியே இருக்கு, நல்லதுதான். ஆனா 2003ல மழைநீர் சேகரிப்ப கட்டாயமாக்குனாங்களே, ஞாபகம் இருக்கா? நல்ல சட்டம், நெறைய எடத்துல நெலத்தடி தண்ணியும் ஏறுச்சு. ஆனா எத்தன வீட்டுல பைப்ப மட்டும் மாட்டி, குழியில ஜல்லி கூட போடாம விட்டாங்க? தண்ணி உள்ள போகுதான்னு அப்புறம் யாரு வந்து பாத்தா? புகைக்கு சட்டம் வந்தா, வருசா வருசம் ரிப்போர்ட்டு, வெளியாளு சரிபாக்குறது, அது ரெண்டும் உள்ள இருக்கணும், அந்த மாங்கூழ் பேக்டரி ஓனர் மாதிரி சீசன் முடிஞ்சு பில்லு பாக்குற கதை ஆகக் கூடாது.

தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைய காட்டுறாரு. மாட்டுச் சாணத்துல வர்ற மீத்தேனுக்கே கலிபோர்னியாவுல 2016ல சட்டம் போட்டாங்க, 2030க்குள்ள 40 சதவீதம் கொறைக்கணும்னு, அதத்தான் நம்ம பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் மாடு வெச்சிருக்கவங்களுக்காக பெருசா பேசலாம்னு எழுதிக்கிட்டு வந்தேன், சாண எரிவாயு டேங்க்கு, மானியம்... நேரம் இல்லீங்க. வீட்டுல பழைய சாண கேஸ் டேங்க்கு சும்மா கெடந்தா மூடிப் போட்டுறாதீங்க, அடுத்த தடவ கூப்பிட்டா அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன். வணக்கம்.