தேடினால் கிடைக்காத ‘கோயில்’

நேயர்களுக்கு வணக்கம்.

உலாவியில் ஒரு தமிழ் பிடிஎஃப்பைத் திறக்கிறீர்கள். முதல் வரியிலேயே ‘கோயில்’ என்ற சொல் பளிச்சென்று தெரிகிறது. கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தி அதே சொல்லை அடித்தால், இல்லை என்று வருகிறது. எழுத்துப்பிழை இல்லை, கோப்பும் கெட்டுப்போகவில்லை. காட்டும் கருவியில்தான் வேலை பாக்கி இருக்கிறது. பெங்களூரில் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் தமிழர்கள் பலர் இந்நேரம் சில்க் போர்டு சிக்னலில் நின்றபடி இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். இன்றைய பேச்சு முக்கியமாக அவர்களுக்கு.

முன்பெல்லாம் பிடிஎஃப் பார்க்க உலாவிக்குள் தனியாக ஒரு பிளக்-இன் நிறுவ வேண்டியிருந்தது. அந்தப் பழைய வகையை 2015-இல் குரோமும், ஃபிளாஷ் ஒன்றைத் தவிர 2017-இல் பயர்பாக்ஸும் கைவிட்டன. 2013-இல் பயர்பாக்ஸ் 19-உடன் இயல்பாகவே வந்த பிடிஎஃப்.ஜேஎஸ், ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய திறமூலக் காட்டி. ஆவணம் காட்டும் நீட்சியை, அதாவது உலாவியோடு சேர்க்கும் சிறு மென்பொருளை, எழுத நினைப்பவருக்கு அதன்மேல் கட்டுவதே சுலபம். நான் சொல்லும் திருத்தங்களும் அதை வைத்துத்தான்.

கோயிலுக்கு வருவோம். பிடிஎஃப்பின் பக்கத்தில், ‘இந்த உருவத்தை இந்த இடத்தில் வை’ என்ற கட்டளைகள்தான் இருக்கும். உருவ எண்ணை, கணினிகளுக்குப் பொதுவான எழுத்து முறையான யூனிகோட் எழுத்தாக மாற்றித் தர, எழுத்துருவோடு ‘டு யூனிகோட்’ என்ற அட்டவணை வரும், வந்தால். நீங்கள் தேடல் பெட்டியில் அடிப்பது ககரம், அதன்பின் ஓகாரக் குறி. கோப்பில் பல நேரம் இருப்பதோ கண்ணில் படும் வரிசை: முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

ஒரே எழுத்தைப் பல விதமாகக் குறித்திருந்தால் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோட் இயல்பாக்கம் செய்தால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகாது. கொம்பும் காலும் அடுத்தடுத்து நின்றால்தான் அது ஒட்டவைக்கும். இங்கே நடுவில் ககரம் உட்கார்ந்திருக்கிறது. முதலில் கொம்பை எடுத்து மெய்யெழுத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும், அதன்பிறகே இயல்பாக்கம்.

இதில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். எல்லாக் கோப்பிலும் கண்ணை மூடிக்கொண்டு கொம்பை நகர்த்தினால், சரியாக இருந்த கோப்பு கெடும். ‘கெட’ என்ற சொல் ஒழுங்கான வரிசையில் க, கொம்பு, ட. நகர்த்தினால் ‘கடெ’ ஆகிவிடும். அப்படியானால் எது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒழுங்கான தமிழில் எந்தச் சொல்லும் கொம்பில் தொடங்காது. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரத்தின் இணைக் கொம்பு மூன்றுக்கும் இது பொருந்தும். ஆகவே சொல் முதலில் கொம்பு வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். நிறைய வந்தால் அது கண் வரிசைக் கோப்பு. இந்தக் கணக்கைக் கோப்புக்கு ஒன்றாகப் போடாதீர்கள், எழுத்துருவுக்கு ஒன்றாகப் போடுங்கள். அட்டை ஒரு மென்பொருளிலும் உள்பக்கம் வேறொன்றிலும் செய்து ஒட்டிய மலர்கள் ஏராளம்.

இன்னொரு வம்பு. பிடிஎஃப்.ஜேஎஸ் உரையைத் துண்டு துண்டாகத் தரும். எழுத்து இடைவெளியைச் சரிசெய்த இடங்களில் கொம்பு ஒரு துண்டின் கடைசியிலும் ககரம் அடுத்த துண்டின் தொடக்கத்திலும் விழுந்துவிடும். ஒரே வரியிலுள்ள துண்டுகளை முதலில் கோத்துவிட்டுத்தான் கொம்பைத் தொட வேண்டும். திருத்திய உரையின் ஒவ்வோர் எழுத்தும் மூல உரையில் எத்தனையாவது இடம் என்ற கணக்கையும் கூடவே வைத்திருங்கள். மறந்தால் தேடல் கிடைக்கும், கிடைத்த இடத்தைக் காட்டும் வண்ணப் பட்டை மட்டும் பக்கத்துச் சொல்மேல் விழும்.

எழுத்தின் தலைமேல் இடும் மேல்குறிகளைப் புறக்கணித்துத் தேடும் வசதி வேறு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது வரம். ஆனால் தமிழின் உயிர்க்குறிகளையும் யூனிகோட் அதே ‘குறி’ வகையில்தான் வைத்திருக்கிறது. அந்த வகையை மொத்தமாக உதறும் தேடலுக்குக் கல்லும் காலும் கோலும் ஒன்றுதான்! தமிழ் எழுத்துக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள்.

நம் ஊரில் ஒரே அறிவிப்பில் கன்னடமும் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும். கன்னடத்தில் கொம்புச் சிக்கல் கிடையாது, சிக்கல் ரகரத்தில். ‘சூர்ய’ என்று எழுதினால் ரகர மெய்யின் உருவம் யகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் விதியை அங்கே ஓட்டினால் பயனில்லை. எழுத்து முறைக்கு ஒரு திருத்தி என்று தனித்தனியாக வையுங்கள்.

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் தனிக் கதை. அதில் ‘தமிழ்’ என்று அடித்த கோப்புக்குள் கிடப்பவை ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவைக் கோப்பிலேயே பதிக்காமல் விட்டால் திரையிலும் அதுதான் தெரியும். எழுத்துருவின் பெயரைப் பார்த்து, அதற்குரிய மாற்று அட்டவணையை ஓட்டினால் தேடல் கிடைக்கும். பெயரையும் அழித்துவிட்ட கோப்புகளுக்கு, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர்தான் கதி.

நினைவகம் பற்றி ஒரு கணக்கு. ஏ4 பக்கம் நூறு சதவீத அளவில் 794-க்கு 1123 புள்ளி. புள்ளிக்கு 4 பைட் என்றால் சுமார் 3.6 எம்பி. அடர்த்தி மூன்று மடங்கான போன் திரையில் அது ஒன்பது மடங்காகி 32 எம்பியைத் தொடும். இருநூறு பக்கத்தையும் வரைந்து வைத்தால் 6 ஜிபிக்கு மேல், போன் தாங்காது. கண்ணில் படுவதைச் சுற்றிப் பத்துப் பக்கம் போதும், மற்றதை விடுவித்துவிடுங்கள்.

பெரிய கோப்பு மெதுவாகத் திறந்தால் சர்வரைப் பாருங்கள். பிடிஎஃப்.ஜேஎஸ் 64 கேபி துண்டுகளாகக் கேட்கும். சர்வர் துண்டாகத் தர மறுத்தாலோ, வழியில் ஜிசிப் சுருக்கம் போட்டாலோ முழுக் கோப்பும் இறங்கும்வரை கடைசிப் பக்கம் வராது.

அச்சில் எழுத்து மங்குகிறது என்று சிவாஜி நகர் ஜெராக்ஸ் கடையில் சொன்னால், அந்தக் கடைக்காரர்மேல் குற்றமில்லை. இந்தக் காட்டி அச்சுக்கு இயல்பாக அங்குலத்துக்கு 150 புள்ளிதான் வரைகிறது. 300 ஆக்கினால் பொடி எழுத்தும் கியூஆர் கட்டமும் தெளியும், நினைவகம் நான்கு மடங்கு போகும்.

பிடிஎஃப்.ஜேஎஸ் 4.2.67-க்கு முந்தைய பதிப்பு உங்கள் நீட்சிக்குள் இருந்தால் இன்றே மாற்றுங்கள். கோப்பிலுள்ள எழுத்துரு விவரம் வழியாக அந்நிய நிரலை ஓட்டக்கூடிய ஓட்டை 2024-இல்தான் அடைபட்டது. மாற்றும்போது முதன்மைக் கோப்பையும் பின்னணியில் ஓடும் ஒர்க்கர் கோப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லி எந்தக் கோப்பும் திறக்காது.

நிரல் எழுதாத நேயர்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. தேடல் கிடைக்காத கோப்பு ஒன்று அகப்பட்டால், அதில் ஒரு சொல்லை நகலெடுத்து வெற்றுப் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். கொம்பு முன்னால் வந்து நிற்கிறதா, ஆங்கில எழுத்தாக வருகிறதா, வெறும் கட்டமா? அந்தச் சொல், உலாவியின் பதிப்பு எண், கோப்பின் அந்த ஒரு பக்கம் மூன்றையும் சேர்த்துக் காட்டியை எழுதியவர்களுக்கு அனுப்புங்கள். ‘தமிழ் வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

வணக்கம்.