ஆப்பு மரையும் அடங்காத கசிவும்

நேயர்களுக்கு வணக்கம்.

மும்பையில் கூரை ஒழுக மழைக்காலம் வர வேண்டும். குழாய் ஒழுகுவதற்குக் காலமே வேண்டாம். தாராவியிலோ செம்பூரிலோ ஒரு வீட்டில் குழாய் மூட்டு சொட்டினால் பிளம்பர் என்ன செய்வார்? பைப் ரெஞ்சைப் போட்டு இன்னும் அரைச் சுற்று இறுக்குவார். பல நேரம் சொட்டு நின்றுவிடும். சில நேரம் இரண்டு குழாய்களை இணைக்கும் கப்ளிங்கே விரிசல் விட்டு, சொட்டாக இருந்தது ஓட்டமாகிவிடும். இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். குழாயின் மரை நேராக இல்லை, கூம்பாக இருக்கிறது. விட்டத்தில் 16-க்கு 1 என்ற கணக்கில் சரிவு. அரை அங்குலக் குழாயில் ஒரு அங்குல நீளத்துக்கு 14 மரை, அதாவது ஒரு சுற்றுக்கு 1.81 மில்லிமீட்டர் முன்னேற்றம். அதை 16-ஆல் வகுத்தால் 0.11 மில்லிமீட்டர். மூட்டு இறுகிய பிறகு கூடுதலாகத் திருப்பும் ஒவ்வொரு சுற்றும் கப்ளிங்கின் விட்டத்தை அவ்வளவு விரிக்கப் பார்க்கிறது. இரும்பு தாங்கும். பித்தளை ஓரளவு தாங்கும். பிளாஸ்டிக் பிளந்துவிடும்.

இதே 16-க்கு 1 சரிவுதான் எண்ணெய்க் கிணற்றின் சுவராக உள்ளே இறங்கும் கேசிங் குழாயிலும் இருக்கிறது. நம் ஊரிலிருந்து மேற்கே கடலுக்குள் சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, 1974-இல் கண்டுபிடிக்கப்பட்டு 1976-இல் எண்ணெய் தரத் தொடங்கிய பாம்பே ஹை வயலை எல்லோரும் அறிவோம். இப்படி ஒரு கிணறு 2,500 மீட்டர் ஆழம் என்றால், 12 மீட்டர் குழாய்களாக 200-க்கு மேல் அடுக்க வேண்டும். அத்தனை மூட்டுகளும் மரையால்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வீட்டில் சொட்டினால் வாளி வைக்கலாம். அங்கே ஒரே ஒரு மூட்டு வழியாக வாயு கசிந்தாலும், ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கியிருக்கும் குழாய்களுக்கு நடுவே உள்ள வளைய இடைவெளியில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அந்த வயலின் சில அடுக்குகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவும் உண்டு என்பதால் கவலை இரட்டிப்பு.

இந்தக் கசிவை அடக்கப் பார்க்கும் ஆப்பு மரையைப் பற்றித்தான் இன்று பேச்சு. முதலில், சாதாரண மரை ஏன் கசிகிறது என்று பார்ப்போம். பழைய எட்டு மரை வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு எட்டுப் பல், 60 டிகிரி. ஆண் மரையின் (குழாயின் வெளிப்புறம் வெட்டியது) பல் முகடு பெண் மரையின் (கப்ளிங்கின் உட்புறம் வெட்டியது) பள்ளத்து அடியைத் தொடாது. வெட்டும்போதே கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் வெட்டுவார்கள், இல்லாவிட்டால் பக்கங்கள் உட்காராது. அந்த இடைவெளி ஒரு சுருள் பாதை. ஒன்பதே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான, 244.5 மில்லிமீட்டர் குழாயில் மரைப் பகுதி 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சுருளை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 24 மீட்டர் வரும். இவ்வளவு நீளமான, மயிரிழை அகலப் பாதையை அடைப்பது டோப் என்று சொல்லும் மரை கிரீஸ். அதில் கலந்திருக்கும் ஈயம், துத்தநாகம், செம்பு, கிராஃபைட் துகள்கள்தான் அடைப்பு வேலையைச் செய்கின்றன. வீட்டில் சணலும் வெள்ளை பெயின்டும் செய்யும் அதே வேலை. தண்ணீருக்கு இது போதும். வாயுவுக்குப் போதாது, சூட்டில் கிரீஸின் எண்ணெய் பிரிந்து போனால் துகள் மட்டும் மிஞ்சும், வாயு வழி கண்டுபிடித்துவிடும்.

ஆப்பு மரை இங்கேதான் வருகிறது. ‘ஆப்பு வைப்பது’ என்றால் நம் பேச்சில் வேறு பொருள். ஆனால் மரம் பிளக்கிறவர் கையிலுள்ள ஆப்பை நினைத்துப் பாருங்கள். போகப் போக அகலும், அதனால் ஓரிடத்தில் சிக்கி நிற்கும். இந்த மரையில் பல்லே ஆப்பு. குழாய் முனையில் பல் ஒல்லியாகத் தொடங்கி, குழாயின் உடலை நோக்கிப் போகப் போகத் தடிக்கிறது. பெண் மரையின் பள்ளம் வாயில் அகலமாகத் தொடங்கி, ஆழத்தில் குறுகுகிறது. திருப்பத் திருப்பப் பல்லின் இரண்டு பக்கமும் பள்ளத்தின் இரண்டு சுவரையும் நெருங்கி, ஒரு கட்டத்தில் அத்தனை சுற்றிலும் ஒரே நேரத்தில் முட்டும். அதற்கு மேல் திரும்பாது. தனியாக நிறுத்து விளிம்பு வேண்டியதில்லை.

இதை வெட்டும் விதம் எளிது. பல்லின் சுமை தாங்கும் பக்கத்துக்கு ஒரு சுற்றுக்கு 8.00 மில்லிமீட்டர் முன்னேற்றம், முன்பக்கத்துக்கு 7.80 மில்லிமீட்டர் என்று வைப்போம். இந்த எண்களை விளக்கத்துக்காக எடுத்துக்கொள்கிறேன். கணினி இயக்கும் சி.என்.சி. லேத்தில் பள்ளத்தைவிடக் குறுகலான உளியால் ஒரு பக்கத்தை ஒரு முன்னேற்றத்திலும், மறு பக்கத்தை இன்னொரு முன்னேற்றத்திலும் தனித்தனி ஓட்டங்களாக வெட்ட வேண்டும். பல்லின் அகலம் சுற்றுக்கு 0.20 மில்லிமீட்டர் கூடும். 100 மில்லிமீட்டருக்குள் பன்னிரண்டரைச் சுற்று. பல் சராசரி 4 மில்லிமீட்டர் என்றால் முனையில் 2.8, குழாய் உடல் பக்கம் 5.2 என்று வரும்.

சரி, வித்தியாசத்தை 0.40 ஆக்கினால் இன்னும் சீக்கிரம் இறுகுமே? இறுகும். ஆனால் முனைப் பல் 1.5 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒடுங்கிவிடும். உயரமும் ஒன்றரை, அகலமும் ஒன்றரை என்றால் இழுவிசையில் அந்தப் பல்தான் முதலில் வளையும். ஏன் குறைந்த வித்தியாசத்தில் இருந்துவிடக் கூடாது என்றால், அங்கே வேறொரு வம்பு காத்திருக்கிறது. பல்லின் அகலத்தில் லேத்காரர் 0.05 மில்லிமீட்டர் பிழை விட்டார் என்று வையுங்கள். சுற்றுக்கு 0.20 மூடுகிறது; ஆகவே மரை நிற்கும் இடம் கால் சுற்று தள்ளிப்போகும். வித்தியாசம் 0.10 என்றால் அரைச் சுற்று. கால் சுற்று என்றால் நீளவாக்கில் 2 மில்லிமீட்டர். 16-க்கு 1 சரிவில் அந்த 2 மில்லிமீட்டர் விட்டத்தில் 0.125 மில்லிமீட்டர். அதாவது அகலத்தில் செய்த பிழை விட்டத்தில் இரண்டரை மடங்காக வந்து நிற்கிறது. முகடும் அடியும் தொட வேண்டிய இடத்தில், பக்கத்துக்கு 0.06 மில்லிமீட்டர் இடைவெளி. கசிவுக்கு அது தாராளம். ஆகவே வழக்கமான ரிங் கேஜை (அளவு பார்க்கும் மரை வளையத்தை) திருகிப் பார்த்து, விட்டம் சரி என்று மட்டும் அனுப்பிவிடக் கூடாது. குறித்த ஓரிடத்தில் பல்லின் அகலத்தையும் தனியே அளந்தாக வேண்டும்.

கூம்பின் சரிவும் சிந்தித்து வைக்க வேண்டிய எண். சரிவு இல்லாவிட்டால் பன்னிரண்டு சுற்றையும் திருப்பியாக வேண்டும். சரிவு இருந்தால் குழாயை இறக்கும்போதே முகடு முகட்டைத் தொடும்வரை உள்ளே போய்விடும், மீதி சில சுற்றுதான். பல் உயரம் ஒன்றரை மில்லிமீட்டர், சரிவு 16-க்கு 1 என்றால் மீதித் தூரம் 48 மில்லிமீட்டர், ஆறு சுற்று. 8-க்கு 1 என்றால் மூன்றே சுற்று. ஆனால் குழாயின் சுவர் 12 மில்லிமீட்டர். முதல் சரிவில் 100 மில்லிமீட்டருக்குள் பல்லோடு சேர்த்து நாலரை மில்லிமீட்டர் போகும்; இரண்டாவதில் ஏழே முக்கால். மிச்சமிருக்கும் முனை காகிதம்போல ஆகி, அழுத்தத்தில் உள்ளே மடங்கும். கிணறு தோண்டும் மேடையில் மிச்சமாகும் மூன்று சுற்றுக்காகக் குழாயின் பலத்தைக் கொடுப்பது எனக்கு நல்ல பேரமாகப் படவில்லை.

பல்லின் பக்கங்கள் சில டிகிரி உள்ளே சாய்ந்திருக்கும். தச்சர்கள் மேசை டிராயரின் மூலையில் வெட்டும் டவ்டெயில் வெட்டு போல, மேலே அகலம், அடியில் குறுகல். இறுக்கும் விசையிலும் இழுவிசையிலும் பெண் முனை புனல்போல விரிந்து பல்லை நழுவ விடுமே, அதை இந்தச் சாய்வு பிடித்துக்கொள்கிறது. சாதாரண முக்கோண மரையில் எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு விரிகிறது. இதில் இறுக்க இறுக்கக் கொக்கி போட்டுக்கொள்கிறது.

இனி கசிவுக்கு வருவோம். பக்கங்கள் இரண்டும் உலோகத்தோடு உலோகம் ஒட்டிவிட்டால் மிஞ்சுவது இரண்டு சுருள் பாதைகள்: ஆண் முகடு பெண் அடியைச் சந்திக்கும் இடம் ஒன்று, ஆண் அடி பெண் முகட்டைச் சந்திக்கும் இடம் ஒன்று. இரண்டையும் அடைக்க வேண்டும். இவை பக்கங்களுக்கு முன்பே மிக நெருங்கிவிட்டால், விட்டத்து நெருக்கத்திலேயே முறுக்குவிசை ஏறிவிடும், ஆப்பு முட்டவே முட்டாது. பக்கங்கள் முதலில் முட்டினால் முகட்டில் இடைவெளி. முகடும் அடியும் சற்று முன்னால் தொட ஆரம்பித்து, சிறிய நெருக்கத்தோடு பக்கங்கள் வந்து நிற்பதுதான் வடிவமைப்பாளர் தேடும் வரிசை.

காகிதத்தில் இது நடக்கும். மேடையில் நடக்காமல் போவதற்குக் காரணம் கிரீஸ். எட்டு மரையில் அந்த 24 மீட்டர் பாதை கசிவுக்கு வழி, அதே சமயம் மிகுதி கிரீஸ் வெளியேறவும் வழி. ஆப்பு மரையில் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் மூடுவதால், நல்ல மூட்டாக இருந்தால் கிரீஸும் வெளியே வர முடியாது. அது அமுங்காது. அழுத்தம் ஏறும். பல்லுக்கும் சுவருக்கும் நடுவே கிரீஸ் நின்றுகொண்டு முழுச் சுமையையும் தாங்கும். குழாயைப் பிடித்துத் திருப்பும் டாங் என்ற பெரிய இடுக்கியின் மீட்டர் கேட்ட முறுக்குவிசையைக் காட்டும், ஆள் திருப்தியாக அடுத்த குழாய்க்குப் போய்விடுவார். உள்ளே உலோகம் உலோகத்தைத் தொடவே இல்லை. கிணற்றின் சூட்டில் சில மணி நேரத்திலோ சில நாளிலோ கிரீஸ் இளகி மெல்ல வடியும். வடிந்த அளவுக்கு மூட்டு தளரும். பிறகு கழற்றும்போது, இறுக்கியதைவிடக் குறைந்த விசையில் கழன்றுவிடும். ‘மரை கழண்டது’ என்பது அங்கே வசவு இல்லை, ஆய்வுக் குறிப்பு.

இதற்கு வடிவமைப்பில் இரண்டு வழி. மரையின் நடுப்பகுதியில் சில சுற்றுக்கு அடியைக் கொஞ்சம் ஆழமாக வெட்டி, கிரீஸுக்குச் சேமிப்புப் பள்ளம் கொடுப்பது ஒன்று. பள்ளத்துக்கு இரு பக்கமும் நெருக்கமான சுற்றுகள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளமே கசிவு வழி. மற்றது, ஆண் மரையின் சரிவையும் பெண் மரையின் சரிவையும் இம்மியளவு வேறுபடுத்துவது. அப்போது மூட்டு ஒரு முனையிலிருந்து வரிசையாக மூடி, பற்பசைக் குழாயைப் பின்னாலிருந்து பிதுக்குவதுபோல கிரீஸைத் திறந்த முனைக்குத் தள்ளும்.

ஆனால் வாயுவுக்கு மரையை மட்டும் நம்புவது எனக்கு உடன்பாடில்லை. குழாய் முனையில் மரை இல்லாத, வழவழப்பான ஒரு கூம்பு வளையம் வைத்து, பெண் முனைக்குள் உள்ள வளையத்தோடு நெருக்கமாக உட்கார வைப்பதே சரி. 220 மில்லிமீட்டர் விட்டத்தில் 0.4 மில்லிமீட்டர் நெருக்கம் கொடுத்தால், அதாவது ஆண் வளையத்தைப் பெண் வளையத்தைவிட அவ்வளவு பெரிதாக வெட்டினால், இரண்டு முனையும் சேர்ந்து பங்கிட வேண்டிய தகைவு சுமார் 375 மெகாபாஸ்கல். எல்-80 என்ற குழாய் எஃகின் குறைந்தபட்ச நெகிழ் வலிமை, அதாவது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு, 552. சமமாகப் பிரிந்தால் நிம்மதி. ஆனால் ஆண் முனை மெலிந்தது, அதிகம் அதன் தலையில்தான் விழும். அதனால் 0.8 கொடுத்தால் இன்னும் நன்றாக அடைக்கும் என்று நினைக்கக் கூடாது. முனை நிரந்தரமாக உள்வாங்கிவிட்டால், ஒருமுறை கழற்றி மாட்டிய பிறகு அந்த வளையம் அடைக்காது. குரோமியம் எஃகில் உரசி ஒட்டிக் கிழிவதும் உண்டு. ஆப்பு மரை இங்கே நல்ல துணை: இழுத்தாலும் அமுக்கினாலும் பல் இரு பக்கமும் பிடித்திருப்பதால், வளையம் தன் இடத்தை விட்டு அசைய இடமில்லை.

மேடை வேலையில் கெடுவது பெரும்பாலும் சில்லறை விஷயங்களில். கிடங்கில் துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய கிரீஸ் வேறு, மாட்டும்போது பூசும் டோப் வேறு. முன்னதைக் கரைப்பானும் நார் பிரஷ்ஷும் கொண்டு முழுக்கத் துடைக்க வேண்டும். டோப்பைப் பல் உருவம் தெரியும் அளவுக்கு மெல்லிய, சீரான படலமாகப் பூச வேண்டும். கையால் அள்ளி அப்புவதுதான் மேலே சொன்ன பொய் முறுக்குவிசையை வரவழைக்கும். மும்பைக் கடலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இன்னொரு எதிரி மழை. பெண் முனைக்குள் தேங்கிய தண்ணீரும் கிரீஸைப் போலவே அமுங்காது, வெளியேறாது. மூடியைக் கடைசி நிமிடத்தில்தான் கழற்ற வேண்டும். குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு சுற்றைப் பட்டை ரெஞ்சால் கையால் திருப்பினால், பல் குறுக்கே ஏறுவது உடனே கையில் தெரியும். கடைசிக் கட்டத்தை நிமிடத்துக்கு 10 சுற்றுக்கும் கீழே, நிதானமாக முடிக்க வேண்டும். டாங்கின் கைப்பிடிக்கும் இழு கயிற்றுக்கும் இடையே கோணம் சரியாக 90 டிகிரி இல்லாவிட்டால் மீட்டர் காட்டும் எண் பொய். டோப் டப்பாவில் போட்டிருக்கும் உராய்வு எண்ணால் முறுக்குவிசையைப் பெருக்க மறந்தாலும் அப்படியே.

நிறுத்து விளிம்பு உள்ள மூட்டில், முறுக்குவிசை வரைபடம் ஓரிடத்தில் முழங்கைபோலச் சட்டென்று நிமிரும். அதைப் பார்த்தே முடிந்தது என்பார்கள். ஆப்பு மரையில் அப்படி மூலை வராது, சீராக ஏறிக்கொண்டே போகும். ஆகவே கேட்ட விசை வந்ததும் டாங்கை எடுத்துவிடாமல், சில வினாடி அதே விசையில் பிடித்துப் பாருங்கள். குழாய் மேலும் நகர்ந்தால் உள்ளே கிரீஸ் இன்னும் வடிந்துகொண்டிருக்கிறது. விசையைத் தளர்த்தி மறுபடி ஏற்றுங்கள். நகர்வு நின்ற பிறகே அடுத்த குழாய்.

வணக்கம்.