கடைசிப் பக்கத்தில் ஒரு வரி

(புத்தக விழா மேடையில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, இரவு ரயிலில் வந்து இறங்கி, ஓய்வுகூட எடுக்காமல் வாழ்த்துரை வழங்கிய நூலகர் அம்மா அவர்களே, விழாக் குழுச் செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அரங்கைக் கட்டிப்போட்டுவிட்டுப் போன கவிஞர் அவர்களே (உங்களுக்கு அடுத்துப் பேசுவது ஒரு தண்டனை ஐயா), முன்வரிசையில் வேட்டி கசங்காமல் அமர்ந்திருக்கும் பதிப்பாளர்களே, பின்வரிசையில் தேநீர் எப்போது வரும் என்று வாசலைப் பார்க்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் விட்டுப்போவதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் தமிழ் எழுத்துரு வரைகிறவன். அழைப்பிதழில் 'ஈயம், கணினி, நாளை' என்று என் பேச்சுக்கு மூன்று பகுதி போட்டிருக்கிறார்கள். சரி, மூன்றையும் தொடுகிறேன்.

முதலில் ஈயம், அதாவது எழுத்தை உலோகத்தில் வார்த்து அச்சடித்த காலம். 1578, கொல்லம். போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறிஸ்தவச் சமய நூல், 16 பக்கம். தமிழ் எழுத்திலேயே அச்சாகி இன்று நம் கைக்குக் கிடைத்திருப்பவற்றில் அதுதான் பழையது. அதன் கடைசிப் பக்கம் என் கண்ணைவிட்டுப் போகாது. கோவாவில் 1577இல் வார்த்த எழுத்து இது, கொல்லத்தில் 1578இல் வார்த்த எழுத்து இது என்று இரண்டுக்கும் தனித்தனியாக மாதிரி காட்டியிருக்கிறார்கள். இருப்பதே 16 பக்கம். அதிலும் எழுத்துக்கு இடம் ஒதுக்கினார்கள். இதை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவேன்.

அப்புறம் தரங்கம்பாடி. 1713 வாக்கில் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. தடித்தடியான எழுத்துகள், காகிதத்தை விழுங்கின. காகிதமோ சுலபமாகக் கிடைக்காத காலம். அதனால் இங்கேயே சின்ன எழுத்தாக வார்த்துக்கொண்டார்கள்.

சின்ன எழுத்து என்றால் பெரியதைச் சுருக்கினால் போதும் என்று நினைக்கிறோம். மூன்று சுழி 'ண'வைப் பாருங்கள். சுருக்கச் சுருக்கச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை குறைகிறது. மை ஒரு மயிரிழை பரவினால் சுழி அடைத்துக்கொள்கிறது. பிறகு 'மணம்' எது, 'மனம்' எது? அதனால் சின்ன அளவுக்கென்றே கோட்டை மெலிதாக்கி, உடம்பை அகலமாக்கி, சுழியைத் திறந்துவிட்டு வேறாக வரைய வேண்டும். 1862இல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஹண்ட் அச்சிட்ட வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதியை நூலகத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள். பொடி எழுத்து, ஆனாலும் கண் தடுக்காது.

இப்போது கணினிக்கு வருகிறேன். எழுத்தை யார் வரைந்தார்கள் என்ற கேள்வியே இங்கே இல்லை. கணினியைத் திறந்தால் ஏதோ ஓர் எழுத்து வருகிறது, அதிலேயே நாவல், அதிலேயே கல்யாணப் பத்திரிகை, அதிலேயே மருந்துச் சீட்டு. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். இங்கே ஆலை இருக்கிறது ஐயா, ஆலைக்காரனைத்தான் யாருக்கும் தெரியாது.

ஒரு கதை சொல்கிறேன். என் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழா. மாப்பிள்ளை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஃபிளெக்ஸுக்குக் கொடுத்துவிட்டார். முந்தின நாள் சாயங்காலம் வாங்கிவர நான் போனேன். இயந்திரத்திலிருந்து மெதுவாக இறங்குகிறது. முதலில் பிள்ளையார், அப்புறம் வாழைமரம், அப்புறம் 'அனைவரும் வருக'. பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. அந்த 'வ'வின் வயிறு என்னுடையது! இரண்டு வருடம் ராத்தூக்கம் கெட்டு நான் வரைந்த எழுத்து. விற்றது விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதைப் பக்கவாட்டில் இழுத்து, மஞ்சள் பூசி, சிவப்பு விளிம்பு கட்டி, நிழலும் போட்டிருக்கிறார்கள்.

கணினியில் இருந்த பையனிடம் மெதுவாகக் கேட்டேன். "தம்பி, இந்த எழுத்து எங்க கிடைச்சது?"

"சிஸ்டத்துலயே இருந்துச்சு சார்."

"யார் பண்ணினதுன்னு தெரியுமா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தான். "எழுத்தை யார் சார் பண்ணுவாங்க? அ, ஆ எல்லாம் முன்னாடியே இருக்குல்ல?"

நான் வாயடைத்து நிற்கிறேன். அவன் விடவில்லை. "ஆனா இதுல 'ணை' மட்டும் சரியில்ல சார். கொம்பு வந்து 'ண' மேல இடிக்குது. எல்லாப் பத்திரிகையிலயும் மேல 'துணை' வரும்ல, ஒவ்வொரு தடவையும் நான் கையால நகர்த்தி வைக்கிறேன்" என்று பெரிதாக்கிக் காட்டினான். இடித்தது. நன்றாகவே இடித்தது. விருந்து முடிந்த அன்றைக்கு இரவே உட்கார்ந்து சரிசெய்தேன். காசு கொடுத்து வாங்கியவர் ஒருவரும் சொல்லாத குறை அது. அந்த எழுத்துக்கு எனக்குக் கிடைத்த ஒரே விமர்சகன் அவன்தான்.

எழுத்துச் சீர்திருத்தம் என்று பெரியார் 1935இல் தொடங்கி, 1978இல் அரசாணையாகி, 13 எழுத்து மாறியதே, அதில் பிறந்ததுதான் இந்தக் கொம்பு போட்ட 'ணை'. யானைத் துதிக்கைபோல் வளைவு வைத்த பழைய 'ணை'யாக இருந்திருந்தால் எனக்கு இந்த அவமானம் இல்லை. சீர்திருத்தத்தைப் பற்றித் தனியாகவே பேசலாம், இப்போது நேரமில்லை.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவனுக்கு யார் சொன்னார்கள்? 1957இல் சுவிட்சர்லாந்தில் மாக்ஸ் மீடிங்கர் வரைந்து, பிறகு ஹெல்வெடிகா என்று பெயர் மாறிய எழுத்தை வடிவமைப்பு படிக்கும் நம் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்வார்கள். ஆப்பிள் கணினியில் இருக்கும் 'இணைமதி' தமிழ் எழுத்துருவை மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கினார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பதிப்பாளர் நண்பர்களே, அட்டை ஓவியர் பெயர் போடுகிறீர்கள், அச்சகத்தின் பெயர் போடுகிறீர்கள். உள்ளே 300 பக்கமும் வாசகர் கண் நடந்துபோகும் பாதையைப் போட்டவர் பெயருக்கு ஒரு வரி கொடுங்கள். 'எழுத்துரு: இன்னது, வடிவமைப்பு: இன்னார்.' இலவசமாகக் கிடைத்த எழுத்துருவானாலும் வரைந்த கை ஒன்று இருக்கிறது. அந்த வரி இருந்தால்தான் படிக்கிறவர் தேடுவார், தேடினால்தான் நாலு பேர் வாங்குவார்கள். இல்லையென்றால் இலுப்பைப் பூவே சர்க்கரை என்று இருந்துவிட வேண்டியதுதான்.

நேரம் முடிந்தது என்று சீட்டு வந்துவிட்டது. 'நாளை'யை நாளைக்கு வைத்துக்கொள்வோம். கடைசியாக ஒன்று. இங்கே எல்லோருக்கும் கொடுத்தார்களே விழா மலர், அதன் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். அச்சகம் இருக்கிறது, அட்டை வடிவமைப்பு இருக்கிறது, மெய்ப்பு பார்த்தவர்கூட இருக்கிறார். எழுத்து? கொல்லத்தின் 16 பக்கத்தில் அதற்குக் கிடைத்த இடம் இங்கே இல்லை. செயலாளர் ஐயா சிரிக்கிறார். அடுத்த ஆண்டு மலரில் போட்டுவிடுவதாகத் தலையாட்டுகிறார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், தலையாட்டிவிட்டார். நன்றியுரைக்காரர் மைக்கை வாங்கிக்கொள்ளலாம்.